என்ன விலை போகும்?

பழங்காசு சேர்க்கிறவன் என்று ஒருவனைப் பற்றித் தெரிந்துவிட்டால் போதும். அவனைப் பார்த்து ஜனங்கள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "என்ன விலை போகும்?"

வீணை வாசிக்கிறவரிடம் போய், "இந்தக் கட்டையை விற்றால் எத்தனை தேறும்?" என்று யாரும் கேட்பதில்லை. ரோஜாச் செடி வளர்க்கிறவரிடம் பூவின் மார்க்கெட் நிலவரத்தை விசாரிப்பதில்லை. நாவல் எழுதுகிறவனிடம்கூட, "எத்தனை கொடுக்கிறார்கள்?" என்ற கேள்வி காப்பி வந்த பிறகுதான் வருகிறது. காசு சேர்க்கிறவனுக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாது. அவன் உள்ளங்கையில் ஆயிரம் வருஷத்துச் செம்புத் துண்டு ஒன்று இருக்கும். அதன் ஒரு பக்கம் நிற்கும் மனிதன், மறுபக்கம் உட்கார்ந்த மனிதன், பக்கத்தில் நாகரியில் 'ஸ்ரீராஜராஜ' என்று எழுத்து. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைக் கட்டினவன் காலத்துக் காசு. அதே உருவத்தைக் கடலுக்கு அப்பால் பொலன்னறுவை அரசர்களும் தங்கள் காசில் போட்டுக்கொண்டார்கள். இதையெல்லாம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் எதிரே இருக்கிறவர் காசைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கேட்டுவிடுவார்: "சரி சார், என்ன விலை போகும்?"

இதைச் சாதாரணக் கேள்வி என்று நினைத்துப் பல வருஷம் பதில் சொல்லி வந்தேன். இப்போது சொல்லுவதில்லை. இது கேள்வியே அல்ல, ஒரு வியாதி என்று எனக்குத் தீர்மானமாகிவிட்டது. சமீபத்தில் சென்னையில் ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போய்விட்டு வந்த பிறகு அந்த வியாதி எங்கே பிறக்கிறது, எப்படிப் பரவுகிறது, எதைக் கொல்லுகிறது என்று மூன்றும் தெரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன். காசு வியாபாரிகளில் எனக்குச் சிநேகிதர்கள் உண்டு. அவர்கள் கோபித்துக்கொள்ளட்டும், பரவாயில்லை.

முதலில், இந்தப் பேராசையை வளர்க்கிற கதைகளைப் பார்ப்போம். மாதா வைஷ்ணோ தேவியின் உருவம் போட்ட 5 ரூபாய், 10 ரூபாய்க் காசுகள் 2012-ல் வெளிவந்தன. நேற்றுக் காய்கறிக் கடையில் மீதிச் சில்லறையாக வந்தாலும் வரும். அவ்வளவு தாராளமாக அடித்த காசு. அது ஒன்று இருந்தால் லட்சம் லட்சமாய்க் கொட்டிக் கொடுக்க யாரோ காத்திருக்கிறார்கள் என்று கைப்பேசியில் வருகிறது. டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டுக்கு ஒரு விலை. வரிசை எண்ணில் 786 இருந்தால் இன்னொரு விலை. நம்பிப் பேசினால், "முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள், பிறகு வரி கட்டுங்கள்" என்கிறான். கட்டின பிறகு ஆளைக் காணோம். ரிஸர்வ் பாங்கியின் பெயரையும் முத்திரையையும் வைத்துக்கொண்டே இந்தக் கூத்து நடந்ததால், 2021 ஆகஸ்டில் அந்தப் பாங்கியே, "பழைய காசு, நோட்டு வாங்கி விற்கும் வேலை எங்களுக்குக் கிடையாது, எங்கள் சார்பில் கட்டணம் வாங்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை" என்று எச்சரிக்கை விட வேண்டி வந்தது.

இதில் ஒரு வேடிக்கை. இதே தமிழ்நாட்டில்தான் கண்டக்டரும் மளிகைக் கடைக்காரரும் நல்ல 10 ரூபாய்க் காசைக் கையால் தொட மறுத்தார்கள். பத்துக் கோடு இருந்தால் நல்லது, பதினைந்து கோடு இருந்தால் கள்ளக் காசு என்று எவனோ கிளப்பிவிட்டான். 14 விதமான உருவங்களில் அந்தக் காசு வந்திருக்கிறது, அத்தனையும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிஸர்வ் பாங்கி பட்டியல் போட்டுச் சொல்லிற்று. சொல்லியும் எங்கள் தெருப் பால்காரர் நம்பவில்லை. அரசாங்கம் அச்சடித்து, "இது பத்து ரூபாய்" என்று சத்தியம் செய்தாலும் நம்பாத ஜனங்கள், முகம் தெரியாதவன், "உன் ஐந்து ரூபாய் ஐந்து லட்சம்" என்றால் நம்புகிறார்கள்! காசைக் கண்ணால் பார்க்கிற பழக்கமே நம்மிடம் இல்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

கண்காட்சிக்கு வருவோம். ஒரு பெரிய கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத நாள். பந்தி போடும் நீள மேஜைகளில் வெள்ளைத் துணி விரித்து, ஊர் ஊராக வந்த வியாபாரிகள் கடை பரப்பியிருந்தார்கள். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. சரித்திரத்தில் நம் ஜனங்களுக்கு இத்தனை ஆசையா என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். பத்து நிமிஷத்தில் தெரிந்தது: முக்கால்வாசிப் பேர் காசு பார்க்க வரவில்லை. வீட்டில் கிடந்ததைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு, என்ன விலை போகும் என்று கேட்க வந்திருக்கிறார்கள். அதிலும் பலர் புளி போட்டுத் தேய்த்து, குத்துவிளக்கு மாதிரிப் பளபளவென்று ஆக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். செம்பின் மேல் இருநூறு வருஷத்தில் படிந்த பழுப்பும் பச்சையும்தான் அதன் வயசுக்குச் சாட்சி. அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் எழுத்தும் தேய்ந்துபோகும், வியாபாரி கேட்கும் விலையும் விழுந்துபோகும். பேராசைப்பட்டாலும் ஒழுங்காகப் படத் தெரியவில்லை, பாவம்.

முதல் வரிசையில் இருந்த மேஜைகளில் காசுகள் இல்லை. பிளாஸ்டிக் பெட்டிகள் இருந்தன. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு காசு, மூச்சு விட முடியாதபடி சீல் வைத்து அடைபட்டிருந்தது. மேலே ஒரு சீட்டு, அதில் ஒரு நம்பர்: 58, 63, 65. அமெரிக்காவுக்கு அனுப்பித் தரம் போட்டு வாங்கியதாம். வருகிறவர்கள் காசைப் பார்க்கவில்லை, நம்பரைப் பார்த்தார்கள். "இது அறுபத்து மூன்று, அது அறுபத்தைந்து" என்று பரீட்சை மார்க்கு மாதிரி பேசிக்கொண்டார்கள். எந்த ராஜா, எந்த அக்கசாலை, எதற்காக அடித்தது என்று ஒரு பேச்சு இல்லை.

அந்த நம்பருக்கு ஒரு கதை உண்டு; சொல்லியே ஆக வேண்டும். 1 முதல் 70 வரை போகிற இந்த அளவை 1949-ல் உண்டாக்கினவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர். மனிதர்களின் உடம்பைக் குண்டு, கட்டுமஸ்து, ஒல்லி என்று மூன்றாகப் பிரித்து, உடம்பைப் பார்த்தே குணத்தைச் சொல்லலாம் என்று புஸ்தகம் எழுதினாரே, அதே மனோதத்துவக்காரர்தான். அமெரிக்காவின் பழைய பெரிய செப்புச் சென்ட் காசுகளில் அவருக்குப் பைத்தியம். மிகவும் தேய்ந்த காசு ஒரு டாலர் பெறும் என்றால் துளியும் தேயாத காசு 70 டாலர் பெறும். ஆகவே அதற்கு 70 என்று பெயர். அவ்வளவுதான் கணக்கு! காசின் அழகை அளக்கப் பிறந்த கோல் அல்ல அது. விலையை அளக்கப் பிறந்த கோல். அந்த விலை விகிதம் சில வருஷங்களுக்குள்ளேயே பொய்த்துவிட்டது. விலை மாறினாலும் நம்பர் மட்டும் சாகவில்லை. இன்றைக்குச் சென்னைக் கல்யாண மண்டபத்தில் மைசூர்க் காசின் நெற்றியில் உட்கார்ந்திருக்கிறது.

கதை அதோடு முடியவில்லை. ஷெல்டன் 1977-ல் காலமானார். அதற்கப்புறம் விசாரித்ததில், நியூயார்க்கில் இருக்கும் அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் தொகுப்பிலிருந்து நல்ல நல்ல சென்ட் காசுகளை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் மட்டமான காசுகளை வைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று தெரியவந்தது. ஆராய்ச்சி செய்ய வந்த பெரிய மனுஷர் என்று நம்பித் தட்டைத் திறந்து காட்டினார்கள். அவர் செய்த ஆராய்ச்சி அது. விலையைத் தவிர வேறு எதையும் பார்க்காத கண்ணுக்குக் கடைசியில் எது என்னுடையது, எது பிறருடையது என்பதும் மங்கிவிடும் போலிருக்கிறது.

அடுத்த வரிசையில் போலிகள். இதைச் சொல்லும்போதே எனக்குக் கை நடுங்குகிறது. ஒரு மேஜையில், பட்டுத் துணி மேல், கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற வருஷமும் போட்ட காசுகள். ஒன்றில் ராமர் பட்டாபிஷேகம், ஒன்றில் அனுமார். ஒரு தம்பதி பயபக்தியுடன் கன்னத்தில் போட்டுக்கொண்டு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. இந்தியா முழுவதற்கும் ஒரே மாதிரிக் கம்பெனிக் காசு வந்ததே 1835-க்குப் பிறகுதான். இந்த ராமர் காசுகள் எல்லாம் பிற்காலத்தில் யாரோ வார்த்து விட்டவை. பூஜையில் வைத்துக் கும்பிட வாங்கினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ராமர் எந்தத் தகட்டில் இருந்தாலும் ராமர்தான். ஆனால் இதே ஜாதித் தகடுகளைத்தான், "அரிசியை இழுக்கும், இடி விழுந்த செம்பு, வெளிநாட்டுக் கம்பெனி கோடிக்கு வாங்கும்" என்று சொல்லி ஊர் ஊராக ஏமாற்றுகிறார்கள். வீட்டை விற்றுப் பணம் கொடுத்து நாசமானவர்கள் இருக்கிறார்கள்.

ஆத்திரம் எனக்கு எங்கே வருகிறதென்றால், கடவுள் உருவம் போட்டுக் கம்பெனி நிஜமாகவே காசு அடித்திருக்கிறது! நம் சென்னையிலேயே அடித்தது. ஒரு பக்கம் நட்சத்திரமும் மறுபக்கம் பெருமாளும் உள்ள நட்சத்திர வராகன். பெருமாள் இரண்டு தேவிமாரோடு நிற்கும் மூன்று சுவாமி வராகன். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு பக்கம் பெருமாளும் மறுபக்கம் கோயில் கோபுரமும் போட்டு அடித்த வராகன். வியாபாரம் செய்ய வந்த வெள்ளைக்காரன் நம் கோபுரத்தைத் தன் காசில் போட்டுக்கொள்ள வேண்டி வந்தது ஏன்? இந்த ஊர் ஜனங்கள் வேறு காசை நம்பி வாங்கமாட்டார்கள் என்பதால்தானே! எவ்வளவு பெரிய சரித்திரம் அதில் அடங்கியிருக்கிறது! நிஜத்தைச் சொல்ல அங்கே ஒரு பலகை இல்லை. பொய்க்குப் பட்டுத்துணி இருந்தது.

எனக்குத் தெரிந்த கண்காட்சிக்காரர் ஒருவரிடம், "இதை எப்படி அனுமதிக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "மேஜைக்கு வாடகை கொடுத்திருக்கிறார் சார். வாங்குகிறவர் பார்த்து வாங்க வேண்டியதுதானே?" என்றார். பார்ப்பதற்கு அவர்களுக்குக் கண் கொடுத்தது யார்? நீங்கள் கொடுத்தீர்களா?

மூன்றாவது வரிசை, ஜன்னலோரம், மின்விசிறி சுற்றாத இடம். அங்கேதான் எனக்கு வேலை. பெரிய வியாபாரிகள் ஒதுக்கிய குப்பைக் காசுகளை எவர்சில்வர் தாம்பாளங்களில் கொட்டி வைத்திருப்பார்கள். "எதை எடுத்தாலும் இருபது" என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். தலை கலைந்த பள்ளிக்கூடப் பையன்களும், என்னைப் போன்ற வெயிலில் வந்த ஆசாமிகளும் அங்கே குனிந்து துழாவிக்கொண்டிருப்பார்கள். நான் பல வருஷமாகத் துழாவிக்கொண்டிருந்தது புதுக்கோட்டை அம்மன் காசு. அதிலும் இயந்திரத்தில் அடித்துப் பின்னால் வந்தது அல்ல. அது எல்லாரிடமும் கிடைக்கிறது. அதற்கும் முந்தைய, சம்மட்டியால் கையில் அடித்த காசு. அடையாளம் தெரிகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று ஆசை.

அம்மன் காசு என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியாது. புதுக்கோட்டைத் தொண்டைமான்களுக்குத் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் குலதெய்வம். தங்களைப் பிரகதாம்பாதாஸ் என்றே சொல்லிக்கொண்டார்கள். காசின் ஒரு பக்கம் அந்த அம்மன் உட்கார்ந்திருப்பாள். மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்று இருக்கும். ஓர் அணாவுக்கு 20 காசு. அதாவது ரூபாய்க்கு 320. அணாவுக்கு 12 தம்பிடி என்பது உங்களுக்கு ஞாபகம் இருந்தால், தம்பிடியையும்விடச் சின்னது இது என்று தெரியும். பிரிட்டிஷ் ரூபாய் நாடெங்கும் செல்லுபடியான காலத்திலும், சுற்றிலும் திருச்சி ஜில்லாவும் தஞ்சாவூர் ஜில்லாவும் இருக்க, நடுவில் அந்தச் சின்ன சமஸ்தானம் தன் சின்னக் காசை விடாமல் வைத்துக்கொண்டிருந்தது. 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. காசின் கதையும் அதோடு முடிந்தது.

ஆனால் எனக்கு அந்தக் காசின் மேல் மோகம் வந்ததற்குக் காரணம் வேறு. நவராத்திரியில் அரண்மனையிலிருந்து ஏழை எளியவர்களுக்கு அரிசி கொடுப்பார்கள். அரிசியோடு ஓர் அம்மன் காசும் கொடுப்பார்கள். சதாசிவப் பிரம்மேந்திரர் அந்நாளைய தொண்டைமானுக்கு மணலில் எழுதி உபதேசம் செய்தாரென்றும், அதிலிருந்து வந்த வழக்கம் இது என்றும் அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லுவார்கள். உலகத்தில் ராஜாக்கள் காசு அடித்தது பட்டாளத்துக்குச் சம்பளம் கொடுக்க, வரி வாங்க, தன் தலையைத் தானே பார்த்துக்கொள்ள. வரிசையில் நிற்கிற கூலிக்காரி கையில் போடுவதற்கென்று ஒரு காசு, அதுவும் அரிசியோடு சேர்த்துப் போட! எனக்கு அலெக்ஸாண்டரின் தங்கக் காசைவிட அது பெரிதாகத் தெரிகிறது. உங்களுக்குத் தெரியாவிட்டால் வாக்குவாதம் செய்ய நான் தயாராக இல்லை.

அந்தத் தாம்பாளத்தில் அது இருந்தது. நாயக்கர் காலத்துத் தேய்ந்த காசுகளுக்கும் ஓட்டைக் காலணாக்களுக்கும் நடுவே, சுண்டுவிரல் நகம் அளவுக்கு, ஓரம் பிதுங்கி, கறுத்து. பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். சம்மணமிட்ட கால்கள் இரண்டு மேடு. தலையில் கிரீடம் ஒரு புள்ளி. முகம் என்று ஒன்றும் இல்லை. திருப்பினேன். தெலுங்கு 'வி'யின் வளைவும் 'ஜ'வில் பாதியும் தெளிவாக நின்றன. அடித்தவன் சற்றுச் சாய்த்து அடித்துவிட்டான் போலும். 'ய' தகட்டுக்கு வெளியே போய்விட்டது. என் நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்கே கேட்டது.

கடைக்காரர் முப்பது வயசு இளைஞர். "என்ன சார், பிடித்துவிட்டீர்களா? அது ஏதோ பாளையக்காரர் காசு சார். இருபது ரூபாய்" என்றார்.

நான் சொன்னேன்: "பாளையக்காரர் காசு இல்லை தம்பி. புதுக்கோட்டை அம்மன் காசு. கையால் அடித்தது. இதோ பாருங்கள், கால், கிரீடம். இந்தப் பக்கம் 'விஜய'."

அவர் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். அப்புறம் ஒரு சிரிப்புச் சிரித்து, "அப்படியானால் ஐநூறு சார்" என்றார்.

என்னோடு வந்திருந்த சிநேகிதர் என் முழங்கையைக் கிள்ளியதில் இன்னும் நீலம் பாரித்திருக்கிறது. வெளியே வந்ததும் ஆரம்பித்தார். "உமக்குப் புத்தி இருக்கிறதா? வாயை மூடிக்கொண்டு இருபது ரூபாயை வீசிவிட்டு வந்திருக்கலாமே! காசு சேர்க்கிறவனுக்கு முதல் பாடமே அதுதானய்யா. தெரிந்ததை வெளியில் சொல்லாதே. வியாபாரியின் அறியாமைதான் நம் லாபம்."

அவர் சொன்னது வாஸ்தவம். அதுதான் முதல் பாடமாக எல்லாரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தப் பாடத்தைக் கொளுத்த வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஏனென்று கேளுங்கள். நான் ஐநூறு ரூபாயை எண்ணிக் கொடுத்ததும் அந்த இளைஞருக்கு என் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டார். காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சொன்னார். அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வீடு இடிக்கும்போது ஒரு சின்னச் சொம்பில் கிடைத்ததாம். வீட்டுக்காரர் சொம்போடு பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார். இவர் அந்தக் கடைக்குப் போனபோது ஒரு கிலோவுக்குக் குறையாமல் இருந்திருக்கிறது. "எல்லாம் இதே மாதிரிப் பொடிக் காசு சார். உருவம் சரியாகத் தெரியவில்லை. நான் தெளிவாக இருந்த ஏழெட்டை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்தேன். மீதி உருக்கப் போய்விட்டது."

மீதி உருக்கப் போய்விட்டது! ஒரு சொம்பு நிறைய அம்மன் காசு, ஒரே இடத்தில், ஒரே ஆள் புதைத்தது. எத்தனை அச்சுகள் அதில் இருந்தன? எழுத்து எப்படி எப்படி மாறிற்று? அரிசியோடு வாங்கின காசை ஒரு குடும்பம் இத்தனை வருஷம் செலவழிக்காமல் சேர்த்து வைத்ததா, அல்லது அது ஏதாவது கடைக்காரரின் சில்லறைச் சொம்பா? இனி ஒருவரும் சொல்ல முடியாது. எங்கோ அது இப்போது காமாட்சி விளக்காக எரிந்துகொண்டிருக்கும்.

அந்தப் பிள்ளையைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு அது என்னவென்று தெரியாது. ஏன் தெரியாது? தெரிந்த ஒவ்வொருவனும் அவர் மேஜைக்கு வந்து, வாயை இறுக மூடிக்கொண்டு, இருபது ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போனதால்! என் சிநேகிதரும் அவர் கோஷ்டியும் வருஷக்கணக்காகச் சேமித்த அந்த நானூற்று எண்பதுகளுக்கு விலை அந்தக் கிலோ செம்பு. இதைச் சொன்னதும் அவர் பேச்சை மாற்றி, டிபன் சாப்பிடலாமா என்றார்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம். மண்ணில் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானம் உள்ளதானால் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். வீடு இடிக்கிற கொத்தனாரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்தாலும், போலீஸ், கச்சேரி என்று அலைய யார் துணிவார்கள்? பாத்திரக் கடை பக்கத்துத் தெருவில் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் பஸ் ஏறிப் போக வேண்டிய இடத்தில் இருக்கிறது.

தெரிந்ததை வெளியில் சொன்னவர்களும் இந்த நாட்டில் இருந்திருக்கிறார்கள். லோவந்தால் என்று ஒரு பாதிரியார். திருநெல்வேலிச் சீமையில் கிடைத்த காசுகளைப் பற்றி 1888-லேயே புஸ்தகம் எழுதினார். டஃப்னெல் என்று ஒரு பட்டாளத்துக் காப்டன். தென்னிந்தியாவில் காசு சேர்ப்பவர்களுக்குக் குறிப்புகள் என்றே எழுதி வெளியிட்டார்; என் சிநேகிதர் கணக்கில் அவர் மகா முட்டாள், போட்டிக்கு ஆள் சேர்த்துக்கொண்டார் அல்லவா? திருச்சி தேசிகாச்சாரியார் வக்கீல் தொழிலுக்கு நடுவில் காசு சேர்த்து, 1933-ல் தென்னிந்திய நாணயங்களைப் பற்றி நூல் செய்தார். நம் காலத்தில் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தியைச் சொல்லலாம். 'பெருவழுதி' என்று தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பாண்டியன் காசு அவர் கைக்கு வந்தது. விலை மதிப்பில் அது ஒரு சதுரச் செப்புத் தகடு, அவ்வளவுதான். வாசித்து வெளியிட்டபோதுதான், சங்கப் புலவர்கள் பாடிய பெயர் கற்பனையல்ல, காசு அடித்த ராஜாவின் பெயர் என்று உலகத்துக்குத் தெரிந்தது. கரூரில் அமராவதி ஆற்று மணலில் பொறுக்கின காசுகளில் 'மாக்கோதை'யும் 'கொல்லிப்புறை'யும் வெளிவந்தன. அவரும் வாயை மூடிக்கொண்டு பெட்டியில் பூட்டி வைத்திருந்தால்? அல்லது பிளாஸ்டிக்கில் சீல் வைத்து 40 என்று நம்பர் போட்டிருந்தால்?

இதற்கு வியாபாரிகள் தரப்பில் ஒரு பதில் உண்டு. அதை நான் மறைக்கப் போவதில்லை. "விலை இருப்பதால்தான் சார் காசு பிழைக்கிறது. விலை இல்லாவிட்டால் எல்லாம் உருக்கத்தான் போகும். சரித்திரம் என்றால் எவன் எடுத்து வைப்பான்?" என்கிறார்கள். பாதி நிஜம். ராஜராஜன் தங்கக் காசை இன்று ஒருவரும் உருக்கமாட்டார்கள். ஆனால் அந்த வாதத்தின் மறு பாதியைப் பாருங்கள். விலை உள்ளதுதான் பிழைக்கும் என்றால், விலை இல்லாதது சாக வேண்டும். தங்கம் பிழைக்கும், கூலிக்காரியின் செம்பு சாகும். மகாராஜா பிழைப்பார், அவர் கொடுத்த அரிசியை வாங்கிக்கொண்டவள் சாவாள். சரித்திரத்தில் அவள் எப்போதும் அப்படித்தான் செத்துக்கொண்டிருக்கிறாள். எழுத்து இல்லை, கல்வெட்டு இல்லை. அவள் கையில் இருந்தது என்று சொல்ல மிஞ்சியது அந்தச் சின்னக் காசு ஒன்றுதான். அதையும் கிலோக் கணக்கில் உருக்கிவிட்டு, சரித்திரத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொள்ளுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

அந்தத் தாம்பாளத்தின் பக்கத்தில் ஒரு பையன் நின்றான். எட்டாம் வகுப்பு இருக்கும். நான் காசைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், "மாமா, நானும் பார்க்கட்டுமா?" என்றான். கொடுத்தேன். "இது யார் மாமா? அம்மனா? ஏன் இத்தனை குட்டியாக இருக்கிறது?" என்றான். அரிசிக் கதையைச் சொன்னேன். "அந்தக் காசுக்கு அப்போது என்ன வாங்கலாம்?" என்று கேட்டான். பாருங்கள், பணத்தைப் பற்றிய கேள்விதான். ஆனால் எவ்வளவு சரியான கேள்வி! இன்றைக்கு விற்றால் என்ன கிடைக்கும் என்று கேட்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டான். அதற்குள் அவன் அப்பா வந்தார். காசை என் கையில் பார்த்தார். நீங்கள் நினைப்பதைத்தான் கேட்டார்.

கண்காட்சி நடத்துகிறவர்களுக்கு என் பங்குக்கு மூன்று விண்ணப்பம் உண்டு. போலிகளுக்கு ஒரு மேஜை போடுங்கள்; 'இவை போலி' என்று பெரிய எழுத்தில் பலகை மாட்டி, ராமர் காசையும், 1939-ஆம் வருஷத்து அருமையான ஆறாம் ஜார்ஜ் ரூபாயின் போலிகளையும் வைத்து, எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்ல ஓர் ஆளை உட்கார வையுங்கள். தாம்பாளக் கடைக்காரர்களுக்கு ஆளுக்கொரு நோட்டுப் புஸ்தகம் கொடுத்து, எந்த ஊரில், எதோடு கிடைத்தது என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுதியவர்களுக்கு வாடகையில் குறையுங்கள். பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு முன் வரிசையைக் கொடுத்தது போதும். மின்விசிறி சுற்றுகிற ஓர் இடத்தில் பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்க ஒரு தட்டுக் காசு வையுங்கள், விலைச் சீட்டு இல்லாமல். தொலைந்துபோகுமே என்று பயப்பட வேண்டாம். இருபது ரூபாய்க் காசு நாலு தொலைந்தால் தொலையட்டும், அவற்றை எடுத்துப்போன பையன்கள் அடுத்த வருஷம் உங்கள் மேஜைக்கு வருவார்கள். அந்த மேஜைக்கு யார் வாடகை கொடுப்பது என்று கேட்பீர்கள். பாதி நான் தருகிறேன். மீதிப் பாதியை, முழங்கையைக் கிள்ளியதற்கு அபராதமாக, என் சிநேகிதரிடம் வசூல் செய்து தருகிறேன்.